தொட்டிலும் ஒரு குலை

படத்தில் என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருப்பு உருண்டை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு வந்து வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போன என் வகுப்புத் தோழிகள் இரண்டு பேரில், போடிக்காரி தன் புது கேமரா போனில் எடுத்த படம் அது. திங்கட்கிழமை கல்லூரி லேபில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, இதில் நீ எது, குலை எது என்று தொட்டுக் காட்டச் சொன்னாள். இன்னொருத்தி உத்தமபாளையத்துக்காரி. அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கேள்வி நியாயமானதுதான். பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து எடுத்த படம். பந்தலுக்கு மேலே உச்சி வெயில். வெயில் ஊடுருவிய இலைகள் எல்லாம் உள்ளுக்குள் விளக்குப் போட்டதுபோல் வெளிறிக் கிடக்க, அவற்றுக்குக் கீழே இருந்த எல்லாமே கரியாக விழுந்திருந்தன. நான் கருப்பு, குலை கருப்பு, கல்தூண் கருப்பு.

கோபத்தோடுதான் திரையைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் கோபம் எங்கேயோ போய்விட்டது. தொங்குவதெல்லாம் இருட்டு, தொங்காததெல்லாம் வெளிச்சம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கோடு கிழித்தால் குலை தனியாக, இலை தனியாக வந்துவிடும்.

“ஏய், அப்ப இத கம்ப்யூட்டரே எண்ணிரும்டி,” என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை எதுவும் இல்லை.

அந்தப் பருவத்தில் எங்களுக்கு இமேஜ் ப்ராசஸிங் ஒரு பாடமாகவே இருந்தது. கரும்பலகை நிறையச் சூத்திரங்கள் வரும். மேலிருந்து கீழே எழுதிக்கொள்வோம். தேர்வில் கீழிருந்து மேலே மறந்துவிடுவோம். அந்தச் சூத்திரங்கள் எதைப் பற்றியவை என்று கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் குலையும் இலையும் மறைந்து, பாய் முடைந்த மாதிரி வெறும் கட்டங்கள் மட்டும் நிற்கும். வண்ணத்தை எடுத்துவிட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்தான் மிஞ்சும். அடர் கருப்பு என்றால் சுழியம், பளீர் வெள்ளை என்றால் இருநூற்று ஐம்பத்தைந்து, மற்ற சாம்பல் எல்லாம் நடுவில். நான் கட்டங்களின் மேல் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி எண்களை வாசித்தேன். இலைகளில் நூற்று எழுபது, நூற்று எண்பது. குலைகளில் முப்பது, நாற்பது. என் கன்னத்தில் முப்பத்தைந்து. கம்ப்யூட்டருக்கு என் முகமும் தெரியாது, திராட்சையும் தெரியாது. அதற்குத் தெரிந்தது இந்த எண்கள் மட்டும்தான் என்று புரிந்தபோது ஏனோ அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எண் என்றால் அதைக் கேள்வி கேட்கலாம். நீ நூறுக்கு மேலேயா, கீழேயா?

குலையை எதற்கு எண்ண வேண்டும் என்று கேட்பவர்கள் எங்கள் தோட்டத்தில் பேரம் நடக்கும்போது நின்று பார்த்ததில்லை. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற வழியில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். வியாபாரி வருவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பந்தலுக்கு அடியில் ஒரு சுற்று நடப்பார். இத்தனை டன் தேறும் என்று ஒரு கணக்குச் சொல்வார். அப்பாவும் அதே பந்தலுக்கு அடியில் அதே மாதிரி ஒரு சுற்று நடந்து வேறொரு கணக்குச் சொல்வார். பிறகு டீ வரும். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. இரண்டு பேருமே எண்ணவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் தோழிகளுக்கு டன் கவலை இல்லை. அவர்களுடைய கவலை கடைசி வருஷத்து ப்ராஜெக்ட். எங்கள் கல்லூரியில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. மூன்று மூன்று பேராகச் சேர்ந்து மதுரைக்கு பஸ் ஏறி, அங்கே இருக்கிற சென்டர் ஒன்றில் தயாராக இருக்கும் ப்ராஜெக்டை ஒரு சிடியில் வாங்கி வருவது. முகத்தை அடையாளம் காண்பது, கைரேகையை ஒப்பிடுவது என்று தலைப்பு மட்டும் வேறு வேறாக இருக்கும். எப்படிப் பேச வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒன்றுக்கு நாங்களும் சொல்லிவைத்திருந்தோம். வேறு யாரோ எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு, நான் செய்தது என்று ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும் என்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு அரிக்கும். அதுவரை அதைச் சொல்லாததற்குக் காரணம், கையில் வேறு யோசனை இல்லை. இப்போது இருந்தது.

அவர்களைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். போடிக்காரி ஒரு நிபந்தனை போட்டாள். முதல் ரிவ்யூ வரைக்கும் திராட்சை. ரிவ்யூவில் துறைத் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்த நாளே மதுரை பஸ், நான் வாயைத் திறக்கக் கூடாது. சரி என்றேன்.

கோடு எங்கே கிழிப்பது என்பதே முதல் வாரத்தைத் தின்றுவிட்டது. நூற்று நாற்பது என்று வைத்தால் இலை நிழல் எல்லாம் குலையாகிவிடும். முப்பத்தைந்து என்று வைத்தால் பாதிக் குலை காணாமல் போகும். குழம்புக்கு உப்புப் பார்ப்பது மாதிரி கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, கடைசியில் எழுபதில் வந்து நின்றோம். திரையில் சாம்பல் எல்லாம் போய், வெள்ளைத் தரையில் கருப்புக் குலைகள் மட்டும் அச்சடித்த மாதிரி தொங்கின. உத்தமபாளையத்துக்காரி அதைப் பார்த்துவிட்டு, நல்லாத்தான்டி இருக்கு என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

அடுத்து எண்ண வேண்டும். எங்கள் பக்கம் சம்பந்தம் பேச உட்கார்ந்தால் முதல் கேள்வி, நீங்க எந்த வகையறா என்பதுதான். கம்ப்யூட்டர் எண்ணுவதும் அதே மாதிரிதான். ஒரு கருப்புக் கட்டம் தன்னை ஒட்டியிருக்கிற கட்டத்தைக் கேட்கும், நீயும் கருப்பா என்று. ஆமாம் என்றால் இருவரும் ஒரே வகையறா, ஒரே எண். அந்தக் கட்டம் தனக்கு அடுத்ததைக் கேட்கும். வெள்ளை வந்தால் உறவு அங்கே முடிந்தது. இப்படி எல்லோரும் கேட்டு முடித்தபின் மொத்தம் எத்தனை வகையறா என்று பார்த்தால் அதுதான் குலைகளின் எண்ணிக்கை. இதை எழுதி முடித்து, ஓட்டி, மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். விடை வந்தது.

ஒன்று.

போடிக்காரி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மதுரைக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று பொதுவாகச் சுவரைக் கேட்டாள்.

தப்பு கம்ப்யூட்டர் மேல் இல்லை. குலை எல்லாம் காம்பில் தொங்குகிறது, காம்பு கொடியில், கொடி கல்தூணில். எல்லாமே கருப்பு, எல்லாமே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக மொத்தத் தோட்டமும் ஒரே குடும்பம். இதற்கு மருந்து நாங்கள் தூங்கி வழிந்த ஒரு வகுப்பில் இருந்தது. ஒவ்வொரு கருப்புப் பகுதியின் ஓரத்தையும் சுற்றிலும் ஒரு கட்டம் அளவுக்கு அரித்துவிடுவது. கொடி மெலிசு. நாலைந்து சுற்று அரித்தால் இரண்டு பக்கமும் தேய்ந்து இல்லாமல் போய்விடும். குலை பருமன். இளைத்தாலும் தாக்குப்பிடிக்கும். பிறகு, அரித்த அளவுக்கே ஓரத்தில் திரும்பப் பூசிக்கொண்டு வந்தால் குலைக்குப் பழைய உடம்பு வந்துவிடும். போன கொடி போனதுதான். சின்னச் சின்ன நிழல் புள்ளிகளும் அதோடு ஒழிந்தன. கல்தூணை, நீ ரொம்ப நீளம் என்று சொல்லி வெளியே அனுப்பினோம்.

சனிக்கிழமை மூன்று பேரும் தோட்டத்தில் இருந்தோம். நாலு கல்தூணுக்கு நடுவில் வருகிற சதுரத்தை ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம். முழுக் கட்டமும் விழ வேண்டுமென்றால் தரையில் மல்லாக்கப் படுக்க வேண்டும். போடிக்காரி தன் சுடிதாரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், என்னைப் படுக்கச் சொன்னாள். படம் எடுத்து முடித்ததும் கையாலும் எண்ணினோம். எண்ணின குலையைத் திரும்ப எண்ணிவிடாமல் இருக்க, ஒவ்வொரு காம்பிலும் வாழைநாரைக் கிழித்து ஒரு முடிச்சு. சாயங்காலம் பார்த்தால் பந்தலுக்கே காப்புக் கட்டினதுபோல் இருந்தது.

திங்கட்கிழமை ஒப்பிட்டோம். பெரும்பாலான கட்டங்களில் கை எண்ணிக்கைக்கும் கம்ப்யூட்டருக்கும் இரண்டு மூன்றுதான் வித்தியாசம். நான் நாற்காலியில் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டிருந்தேன். மோட்டார் ரூமுக்குப் பக்கத்துக் கட்டம் வந்தது. கையால் எண்ணியது நாற்பத்து நாலு. கம்ப்யூட்டர் சொன்னது ஐம்பத்து மூன்று. திரும்ப ஓட்டினோம். அதே ஐம்பத்து மூன்று. ஒவ்வொரு குலையின் மேலும் அதன் எண்ணை எழுதச் சொல்லிப் படத்தை வரவழைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். மூன்றாவது குலைக்குக் கைப்பிடி இருந்தது.

அது ஒரு தூக்குவாளி. எட்டாவது இன்னொரு தூக்குவாளி. பிறகு ஒரு ஒயர்கூடை, ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், மருந்துக்கடைப் பை. பதினேழாவதுதான் எல்லாவற்றிலும் பெரிய குலை. அதன் ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது.

வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் சாமான்களைப் பந்தல் கம்பியில்தான் மாட்டுவார்கள். எங்கள் ஊரில் எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான். குலை வெட்ட வருகிற ஓர் அக்கா, தூணுக்குத் தூண் போட்டிருக்கிற இரும்புக் குழாயில் சேலையைக் கட்டித் தன் ஆறு மாதப் பிள்ளையையும் தொங்கவிட்டிருந்தார். நான் அந்தத் தொட்டிலுக்கு நேர் கீழே மல்லாக்கப் படுத்துப் படம் எடுத்திருக்கிறேன். குலைகளுக்கு நார் கட்டும்போது தூக்குவாளியைக் கையால் ஒதுக்கிவிட்டுக் கட்டியிருக்கிறேன். ஆனால் ஒன்றையும் பார்க்கவில்லை. நாளும் பார்த்துப் பழகியதால் என் கண்ணே அவற்றை அழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எனக்குக் காட்டியிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அந்தப் படத்தை அச்செடுத்து அடுத்த சனிக்கிழமை தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். தொட்டிலுக்குச் சொந்தக்கார அக்கா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எம்மவன் எத்தன கிலோன்னு போட்டுருக்கு பாப்பா?”

“கிலோ தெரியாதுக்கா. தோட்டத்துலயே பெரிய குலைன்னு மட்டும் சொல்லுது.”

“கண்ணு வெக்காம எண்ணச் சொல்லு ஒன் மெசின,” என்றவர், நேரே தொட்டிலுக்குப் போய்ப் பிள்ளையின் நெற்றியை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

எனக்கு இருந்த சுலபமான வழி, படம் எடுக்கிற அன்றைக்கு மட்டும் எல்லாவற்றையும் கழற்றிக் கீழே வைக்கச் சொல்வது. உத்தமபாளையத்துக்காரி அதைத்தான் சொல்லியிருந்தாள். அப்பாவிடம் கேட்டேன். அவர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் காலால் தள்ளிக்கொண்டே, “ஏத்தா, அவுக சோத்த எங்கன வெப்பாக? கீழ வெச்சா எறும்பு ஏறும், நாய் உருட்டிரும். அவுகட்ட ஒண்ணும் சொல்லாத. என்ன சொல்லணுமோ ஒன் மெசினுட்டச் சொல்லு,” என்றார்.

அப்பா சொல்லியிராவிட்டால் இந்த ப்ராஜெக்டின் நல்ல பகுதி எனக்குக் கிடைத்திருக்காது. தூக்குவாளிக்கும் திராட்சைக் குலைக்கும் என்ன வித்தியாசம்? இருட்டில் இரண்டும் ஒன்று. அளவிலும் கிட்டத்தட்ட ஒன்று. ஓரத்தில்தான் வேறு. தூக்குவாளியைச் சுற்றி ஒரு நூலை ஒட்டவைத்துக்கொண்டே வந்தால் கொஞ்சம் நூல் போதும்; வழவழவென்று போய்விடும். குலையைச் சுற்றி ஒட்டினால் ஒவ்வொரு பழத்துக்கும் நூல் உள்ளே போய் வெளியே வர வேண்டும், எக்கச்சக்கமாக இழுக்கும். பரப்பு ஒன்றாக இருந்து, யாருக்கு அதிக நூல் செலவாகிறதோ அதுதான் குலை. இதைக் கணக்காக எழுதினோம். தூக்குவாளிகள் மரியாதையாக வெளியேறின. பாட்டிலும் போனது. துண்டும் தொட்டிலும் அளவிலேயே அடிபட்டன. ஒயர்கூடை மட்டும் எவ்வளவு முயன்றும் போகவில்லை. அதன் ஓரமும் கொசகொசவென்று இருந்ததால் கடைசிவரை திராட்சையாகவே இருந்துவிட்டது. மருந்துக்கடைப் பை சில நாள் குலையாகவும் சில நாள் பையாகவும் இருந்தது.

ரிவ்யூவுக்கு எங்கள் முறை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்தது. துறைத் தலைவர் காலையிலிருந்து முகம் அடையாளம் காணும் ப்ராஜெக்டாகவே பார்த்துக் களைத்திருந்தார். நாங்கள் முதல் பக்கத்தைத் திறந்து வாயெடுப்பதற்குள், “எந்த சென்டரு?” என்றார்.

புரியாத மாதிரி நின்றோம்.

“மதுரையில எந்த சென்டர்ல வாங்குனீகன்னு கேட்டேன்.”

நாங்களே செய்தது சார் என்றேன். காலையிலிருந்து எல்லாரும் அதைத்தான் சொன்னாக என்றார். நான் எழுபதைச் சொன்னேன், அரிப்பதைச் சொன்னேன், நூலைச் சொன்னேன். வேகமாகப் பேசுவது என் வியாதி. அன்றைக்கு இன்னும் முற்றிவிட்டது. எனக்கே அது மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுபோல்தான் கேட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எங்களுடைய படங்களில் தப்பே இல்லை. ஏனென்றால், தப்பு வந்த படங்களை எல்லாம் உத்தமபாளையத்துக்காரி முதல் நாளே நீக்கிவிட்டிருந்தாள், பார்க்க நன்றாக இருக்காது என்று. சுத்தமான படம், சுத்தமான எண்ணிக்கை. கடையில் வாங்கியது மாதிரியே இருந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். நாளைக்கு மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன்.

அப்போது பின்னால் நின்ற போடிக்காரி முன்னால் வந்து, என்னை இடித்துத் தள்ளிவிட்டு மௌஸைப் பிடித்தாள். அழித்துவிட்டதாக நான் நினைத்திருந்த படங்களை அவள் தனியாக ஒரு கோப்புறையில் போட்டு வைத்திருந்தாள். பதினேழு என்று எழுதிய படத்தைத் திறந்தாள்.

துறைத் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். “இது என்னம்மா, கால் மாதிரி?”

“கால்தான் சார். தொட்டில்ல புள்ள தூங்குது. எங்க கம்ப்யூட்டர் அதையும் குலைன்னு எண்ணிருச்சு.”

அவருடைய தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. மூன்றாவது குலை எது, எட்டாவது எது என்று அவரே கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். ஒயர்கூடை ஏன் போகமாட்டேன் என்கிறது என்று போடிக்காரி விளக்கினாள். மதுரைக்கு பஸ் நேரம் கேட்டவள், நூல் கணக்கை என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள்.

“சென்டர்ல தப்பில்லாமத்தான் கொடுப்பாக,” என்றார் அவர். “இந்தத் தப்ப எங்கயும் போய் வாங்க முடியாது. மேல செய்யுங்க.”

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் கம்ப்யூட்டரை மூடத் தொடங்கினோம். பார்த்திருந்தால் அங்கேயே சிரித்திருப்போம். ஆனால் அவர் எங்களை விடவில்லை. வியாபாரி எப்போது தோட்டத்துக்கு வருவார் என்று என்னைக் கேட்டார். பழம் கருக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே வந்து பார்த்துவிடுவார் என்றேன். “அப்ப பச்சையில எண்ணுனாத்தான உங்கப்பாவுக்குப் பிரயோசனம்? அடுத்த ரிவ்யூவுக்குப் பச்சையக் கொண்டாங்க,” என்றார்.

எங்கள் பக்கம் திராட்சைக்குக் காலம் என்று ஒன்று இல்லை. ஒரு பந்தலில் வெட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றில் பூத்திருக்கும். எங்கள் மேலத் தோட்டத்தில் இப்போது பிஞ்சு உருண்டு பச்சையாக நிற்கிறது. போன வாரம் படம் எடுத்துப் பார்த்தோம். பச்சைப் பழத்திலும் வெளிச்சம் ஊடுருவுகிறது, அது இலைபோலவே வெளிறிவிடுகிறது. இலைக்கு நூற்று அறுபது, பழத்துக்கு நூற்று ஐம்பத்தெட்டு. நடுவில் கோடு கிழிக்க இடமே இல்லை. எழுபதும் உதவாது, நூறும் உதவாது. இரண்டு நாள் மூன்று பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் எரிந்து விழுந்தோம்.

நேற்று இருட்டுக்கட்டும் நேரத்தில் அப்பா வண்டியைத் திருப்பினபோது அதன் முகப்பு விளக்கு மேலத் தோட்டத்துப் பந்தலுக்குள் அடித்தது. இலைகள் எல்லாம் வெறுமனே தட்டையாகத் தெரிந்தன. பழங்களில் மட்டும், ஒவ்வொன்றின் மேலும், கடுகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. உருண்டையாக இருப்பதால் வெளிச்சம் ஓர் இடத்தில் மட்டும்தான் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. ஒரு பழத்துக்கு ஒரு புள்ளி. விளக்கை அணைக்காதீக என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பந்தலுக்குள் ஓடினேன். குலையைக்கூட இல்லை, பழத்தையே எண்ணலாம்.

உத்தமபாளையத்துக்காரியின் சித்தப்பா கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவர். அவரிடம் ஃப்ளாஷ் வைத்த கேமரா இருக்கிறது. கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் எடுக்க வேண்டும், தோட்டத்து மண்ணில் வைக்கக் கூடாது என்று நூறு சத்தியம் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பனி பெய்தால் இலையிலும் புள்ளி வரும் என்கிறாள் போடிக்காரி. வரலாம். அதனால் பனி இறங்குவதற்கு முன்னால், வெளிச்சம் போனதும் எடுத்துவிட வேண்டும். முதலில் ஒரே ஒரு குலை. ஃப்ளாஷ் போட்டு ஒரு படம், போடாமல் ஒரு படம், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, ஃப்ளாஷ் வெளிச்சத்தை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். பிறகு அந்தக் குலையை வெட்டி, பழத்தை ஒவ்வொன்றாக உதிர்த்து மூன்று பேரும் எண்ண வேண்டும். பிஞ்சுக் குலையை வெட்டப் போகிறோம் என்று அப்பாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.